சவுக்குக்குப் பின்னால் வந்த கார்

காலையில் எழுந்ததும் முதலில் அடுப்பில் நிலக்கரி போடுவேன். பிறகு கெட்டிலை வைப்பேன். தண்ணீர் கொதிப்பதற்குள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போவேன். முற்றத்தில் ஒரு வெள்ளைப் பலகை கிடக்கும். இரவில் அதன்மேல் எவ்வளவு பனி விழுந்திருக்கிறது என்று அளந்துவிட்டு, துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். கொஞ்சம் பனியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் ஒரு விஷயம். மாவாக உதிர்ந்தால் வேறு விஷயம். உள்ளே வந்து தேநீரில் பாலும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, ரொட்டியோடு நின்றபடியே குடிப்பேன். பிறகு ரேடியோவில் மலைச்சாலையின் கீழ்த் தடுப்பையும் மேல் தடுப்பையும் கூப்பிட்டு ஆள் இருக்கிறார்களா என்று கேட்பேன்.

இன்று காலையும் அப்படித்தான் செய்தேன். கீழ்த் தடுப்பில் புதிய ஆள் பதில் சொன்னான். அது ஒமுர்பெக் இருக்க வேண்டிய இடம். அவரை நீங்கள் கைது செய்து நகரத்துக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன முறை விசாரணைக்கு வந்தபோது என்னிடம் தணிவாகப் பேசினீர்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் என்பதால் உட்காரச் சொன்னீர்கள். நான் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். அதில் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நீங்கள் நகரத்துக்காரர். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

எங்கள் நிலையத்திலிருந்து கணவாயின் உச்சிக்கு ஏறும் சாலையில், பனி சரிந்து இறங்கும் வாய்க்கால்கள் பல இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் சோவியத் காலத்தில் சாலைக்கு மேலே கான்கிரீட் கூரை போட்டார்கள். பனி கூரைமேல் வழுக்கிப் பள்ளத்தில் விழும், வண்டிகள் அடியில் போகும். மற்ற வாய்க்கால்களுக்குக் கூரை இல்லை. அவற்றுக்குப் பீரங்கி. ராணுவம் வேண்டாமென்று கழித்தது. பனி பொழிந்து ஓய்ந்ததும் சாலையை மூடுவோம். சரிவின் தலைப்பில் குண்டு போட்டுப் பனியை நாங்களே விழவைப்போம். பிறகு பனி தள்ளும் இயந்திரம் சாலையைத் துடைக்கும். திறப்போம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விழவைத்தால் மலையில் பெரிதாக எதுவும் சேராது. கல்லூரியில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது இது. அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்கான விளக்கம்.

வாய்க்கால்களில் பெரியதற்கு ஓட்டுநர்கள் கழுதைக்காது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் தலைப்பில் இரண்டு பாறைகள் அப்படி நிற்கின்றன.

சுடுவதற்கு முன் சாலையில் வண்டி எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும். மேலிருந்து இறங்கும் வண்டிகளை முதலில் நிறுத்திவிடுவோம். கீழிருந்து ஏறுபவற்றுக்கு ஒரு சவுக்கு வைத்திருக்கிறோம். குதிரைச் சவுக்கு, பிடியில் சிவப்புத் துணி கட்டியது. கீழ்த் தடுப்பில் ஒமுர்பெக் கடைசி வண்டியின் ஓட்டுநரிடம் அதைக் கொடுப்பார். மேல் தடுப்பில் இசாக் வாங்கிக்கொள்வார். சவுக்கு மேலே வந்துவிட்டால் பின்னால் யாரும் இல்லை. ஓட்டுநர்கள் சவுக்கை வாங்கிக்கொண்டு, "குதிரை எங்கே?" என்று கேட்பார்கள். ஒமுர்பெக், "அதத்தான் நீ ஓட்டிக்கிட்டு வந்திருக்கியே, நாலு காலும் தேஞ்சுபோய்க் கெடக்கு" என்று டயரை உதைத்துக் காட்டுவார். எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பார்கள்.

விதியில் இருப்பது இவ்வளவு. விதியில் இல்லாதது ஒன்றும் உண்டு. சவுக்கைக் கொடுத்தனுப்பிய பிறகும் சொந்தக்காரன் யாராவது வந்து நிற்பான். மச்சான், சம்பந்தி, தங்கை வீட்டுக்காரன். அவனைத் தடுப்பில் நிறுத்திவைத்தவன் அதற்குப் பிறகு எந்த விருந்திலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அதனால் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுவார்கள். விட்டுவிட்டு ரேடியோவில், "வால் இருக்கு" என்று சொல்வார்கள். என்ன வண்டி, என்ன நிறம் என்பதையும் சொல்வார்கள். மேலே சவுக்கை வாங்கிய பிறகு வாலும் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். நானே என் சித்தப்பாவை அப்படி விடச் சொல்லியிருக்கிறேன். இதனால் யாரும் செத்ததில்லை.

இரண்டு தடுப்புகளுக்கும் நடுவே மலைமுகடு. ஒமுர்பெக் பேசுவது இசாக்குக்குக் கேட்காது. பீரங்கி மேட்டில் நிற்கும் எனக்கு இரண்டு பேரும் கேட்கும். இவர் சொல்வதை அவரிடம் சொல்வேன், அவர் சொல்வதை இவரிடம் சொல்வேன். நான் பனி ஆய்வாளன். சாலையை மூடச் சொல்வதும் சுடச் சொல்வதும் திறக்கச் சொல்வதும் நான்தான். கையெழுத்து மட்டும் நகரத்தில் போடுவார்கள்.

அன்று ஒன்றை இசாக்கிடம் சொல்லாமல் விட்டேன்.

என் மனைவி சல்கினாய் தொக்தோகுல்காரி. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். நர்ஸ் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நர்ஸுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? ஆட்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். பீரங்கிக்காரர் கல்மூரத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஊசி போடுவாள். மீதி நேரம் சமையல். முதல் குளிர்காலத்தில் அடிக்கடி கணவாயைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் சொன்ன நாளில் திரும்பி வந்தாள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வந்த அன்று அவள் வாயில் அந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கும். யார் வீட்டில் குதிரை குட்டி போட்டது, அண்ணி யாரோடு சண்டை, ஆஸ்பத்திரியில் பழைய தோழி எவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்வாள். இரண்டு மூன்று நாளில் பேச்சு குறையும். பிறகு என்னைப் போல ஆகிவிடுவாள். அப்படி ஆன பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் தொக்தோகுல் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியானது. நேரில் வரச் சொன்னார்கள். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். போக வேண்டிய நாள் காலையில் நான் பனியில் குழி தோண்டிப் பார்த்தேன். தரையை ஒட்டிய அடுக்கு சர்க்கரை போல உதிர்ந்தது. அப்படி இருந்தால் மேலே இருப்பது எப்போது வேண்டுமானாலும் வழுக்கும். எங்கள் மலையில் அந்த அடுக்கு பெரும்பாலான ஆண்டுகளில் இருக்கும். சந்தேகப்பட நினைத்தால் எந்த நாளும் சந்தேகப்படலாம். சாலையை மூடச் சொன்னேன்.

"மலைதானே, என்ன பண்றது" என்றாள். என்மேல் கோபமில்லை. பையிலிருந்து நல்ல உடுப்பை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

மூடினால் சுட வேண்டும். சுட்டால் சாலை சுத்தமாகும். சுத்தமானால் திறக்க வேண்டும். திறந்தால் அவள் போவாள். அதனால் சுடவில்லை. காற்று சரியில்லை என்றேன், பிறகு மேகம் என்றேன். ஆஸ்பத்திரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அப்படியே திறந்துவிட்டேன். எதுவும் விழவில்லை. பனி மேலேயே இருந்தது. அதன்மேல் அடுத்த பனி விழுந்தது.

அதற்குப் பிறகு அது எளிதாகிவிட்டது. அவள் பையை எடுத்தால் நான் குழி தோண்டுவேன்.

அவள் அம்மா படுக்கையில் விழுந்தபோதும் மூடினேன். அம்மா இறந்த அன்று நிஜமாகவே பனி பொழிந்துகொண்டிருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் விடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு காரை விட்டிருக்கலாம். சாவு வீட்டில் மகள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் வெளியே நிற்கும் ஆண்கள் அழுவார்கள். அங்கே அவள் இடம் காலியாக இருந்தது. அவள் எங்கள் சமையலறையில் அடுப்புச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னாள். கூடச் சொல்ல ஒரு பெண் இல்லை. வெளியே இயந்திரக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. அப்போதுகூட மேலே போய்ச் சாலையைத் திறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா? தோன்றியது. கால் எழவில்லை.

அம்மாவின் நாற்பதாம் நாள் விருந்து நெருங்கியபோது ஒரு சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஒமுர்பெக்கும் இருந்தார். அவர் சல்கினாயின் அம்மாவுக்குச் சித்தி மகன், அவளுக்குத் தாய்மாமன் முறை. மூத்த ஆண்களைப் பைகே என்றும் பெண்களை எஜெ என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கல்மூரத் எலும்பைக் கடித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"என்ன மருமகளே, அம்மாவோட நாற்பதுக்குப் போறியா?"

"போகணும் பைகே. அன்னிக்காவது போகணும்."

"போ, போ. ஆனா பைய மட்டும் முன்னாடியே கட்டிராத. மலைக்குத் தெரிஞ்சுரும்."

"என்ன தெரிஞ்சுரும்?"

"நீ பை கட்டறது. நீ கட்டுனாத்தான் அதுக்குக் கோபம் வருது. மத்த நாளெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி படுத்துக் கெடக்கு. இந்தக் குளிர்காலத்துல நான் எத்தன குண்டு போட்டேன்னு கேளு. துருவத் தொடச்சுத் தொடச்சுப் பீரங்கி மெலிஞ்சு போச்சு. என்ன தம்பி குபாத், உன் பொண்டாட்டிக்கும் மலைக்கும் அப்படி என்ன மாமியார் மருமக சண்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒமுர்பெக், "வாய மூடிக்கிட்டுத் தின்னுய்யா, எலும்பு தொண்டைல மாட்டப்போகுது" என்றார். கல்மூரத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு ஒரு நகைச்சுவை கிடைத்தது, சொன்னார்.

சல்கினாய் எழுந்தாள். எல்லோருடைய கிண்ணத்தையும் வாங்கித் தேநீர் ஊற்றினாள். மற்றவர்களுக்குப் பாதிக் கிண்ணம், எங்கள் வழக்கப்படி. என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பித் தந்தாள். எங்களிடையே அது எழுந்து போகச் சொல்வது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் குடித்தேன்.

அதற்குப் பிறகும் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கும்போது மட்டும், ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது போலப் பார்த்தாள்.

நாற்பதுக்கு முந்திய நாட்களில் நல்ல பனி. கணவாயின் இரு பக்கமும் லாரிகள் நின்றுவிட்டன. நகரத்திலிருந்து மேலதிகாரி தொலைபேசியில் கத்தினார். "நீ சுடறியா, இல்ல சுடத் தெரிஞ்சவன அனுப்பட்டுமா?" சுடுகிறேன் என்றேன். இந்த முறை பயம் உண்மையானது. மலையின் தலைப்பில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்ந்தது இருந்தது. முன்பே சேர்ந்த லாரிகளைக் காலைக் குளிரில் பனி இறுகியிருக்கும்போதே கணவாய்க்கு மேலே அனுப்பிவிட்டு, மதியத்துக்குள் சுட்டு, சாயங்காலம் திறப்பது என்று முடிவானது. அந்த நாள்தான் நாற்பதாம் நாள். தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்று காலை அவள் எண்ணெயில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. ஒரு மூட்டை அளவுக்குப் பொரித்திருந்தாள்.

"மதியத் தொழுகைக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்" என்றாள்.

"இன்னிக்குச் சுடறோம். சாயங்காலம் திறந்துரும்."

"சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சிருப்பாங்க."

"பனி நம்ம பேச்சக் கேக்காது, சல்கின்."

"ஆமா" என்றாள். "பனி கேக்காது."

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதும் நீங்கள் மேற்கொண்டு கேட்காமல் பேனாவை மூடிவிட்டீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

நான் பீரங்கி மேட்டுக்கு ஏறினேன். கல்மூரத்தும் அவர் ஆட்களும் குண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து சரிவுகளின் தலைப்பு நன்றாகத் தெரியும். சாலை தெரியாது. நடுவில் ஒரு பாறைத் தோள் மறைக்கும். அதனால்தான் சவுக்கும் ரேடியோவும். மேற்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அது முகட்டுக்கு வந்துவிட்டால் குறி வைக்க முடியாது.

ஒமுர்பெக் கூப்பிட்டார்.

"குபாத், சவுக்கு குடுத்தாச்சு. உருளைக்கிழங்கு லாரி, பச்சத் தார்ப்பாய்."

"சரி பைகே."

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"தம்பி, ஒரு வால் இருக்கு."

"யாரு?"

"உன் வீட்டுக்காரிதான். வெள்ளக் கார். கோவிச்சுக்காத. எங்க அக்காவோட நாற்பது. வேலைய விட்டுட்டு நானே போக முடியல. பொண்ணு வந்து கண்ணாடிய எறக்கி, மாமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உக்காந்திருக்கா. அவள நிறுத்தி வெக்க எனக்குக் கை வரல. இசாக் கிட்டச் சொல்லிரு. இந்த ரேடியோவையும் அவகிட்டயே குடுத்தனுப்பறேன், எனக்கு இனிமே இங்க என்ன வேல. தாண்டுனதும் அவளே உன்னக் கூப்பிடுவா."

"சரி" என்றேன்.

நீங்கள் ஒமுர்பெக்கிடம், ரேடியோ செத்தவளின் காரில் கிடைத்திருக்கிறதே, பிறகு எதை வைத்துத் தகவல் சொன்னீர் என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன் என்றார். நீங்கள் நம்பவில்லை. நடந்தது அவர் சொன்னபடிதான்.

பிறகு இசாக் கூப்பிட்டார்.

"சவுக்கு வந்துருச்சு தம்பி. பின்னால வால் கீல் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. சுத்தம்."

"சுத்தம்" என்று அவரும் திருப்பிச் சொன்னார். அதுதான் முறை.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை. கான்கிரீட் கூரையைத் தாண்டியதும் சாலை கழுதைக்காது வரை செங்குத்தாக ஏறுகிறது. மேலே முழுக்கப் பனிக்கட்டி. சின்ன கார் தவழ்ந்துதான் ஏறும். அவள் வந்து சேர்வதற்குள் கழுதைக்காதை விழவைத்துவிட்டால் சாலை அவளுக்கு முன்னால் அடைந்துவிடும். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். அழுவாள். காரைத் திருப்புவாள். வீட்டுக்கு வருவாள். சாலையை அடைப்பது என் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்ததைத்தான் அன்றும் செய்யப் போனேன். கணக்கில் பிழை இல்லை. வேறு யார் போட்டாலும் அதே கணக்குத்தான் வரும்.

முதல் குண்டை எப்போதும் பக்கத்துச் சிறிய வாய்க்காலில் போடுவோம். பீரங்கியின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க. கல்மூரத் காதுமூடியைப் போட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். குண்டு சரியான இடத்தில் விழுந்தது. கொஞ்சம் பனி இறங்கியது. அவர் பீரங்கியைக் கழுதைக்காதுக்குத் திருப்பினார். திருப்பி, குண்டை ஏற்றி, மறுபடி என் கையைப் பார்த்தார்.

இரண்டாவது குண்டுக்கு முதலில் சத்தமே இல்லாதது போல இருந்தது. பாறைகளுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு விழுந்தது. அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த எல்லாம் நகர்ந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் விழவிடாதது ஒன்றாக இறங்கியது. மேட்டில் எங்கள் காலடி நடுங்கியது. கல்மூரத் காதுமூடியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"இதயா நாம தலைக்கு மேல வெச்சுக்கிட்டுத் தூங்குனோம்?" என்றார்.

பிறகு ஒமுர்பெக் மேட்டுக்கு ஓடி வந்தார். தொப்பி இல்லை. மூச்சு வாங்கியது. "அவ தாண்டிட்டால்ல? உன்னக் கூப்பிட்டால்ல?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பனியில் உட்கார்ந்துவிட்டார்.

நீண்ட கம்பிகளால் குத்திக் குத்தித் தேடினோம். வரிசையாக நின்று, ஒரு காலடி வைத்து, குத்தி, எடுத்து, அடுத்த காலடி. நானும் வரிசையில் நின்றேன். எல்லோரும் என்னைப் போகச் சொன்னார்கள். முதலில் பொரித்த மாவுத் துண்டுகள் பனியிலிருந்து வந்தன. அங்கே தோண்டினோம். கார் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு சக்கரத்தில் பனிச்சங்கிலி மாட்டியிருந்தது. மற்றொன்றில் இல்லை. அவள் காருக்கு வெளியே, அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் இருந்தாள். கையுறையைக் கழற்றியிருந்தாள்.

அவளைத் தொக்தோகுலுக்கு எடுத்துப்போனோம். சாலை அதற்குள் திறந்திருந்தது. பெண்கள் உள்ளே ஒப்பாரி சொன்னார்கள். நான் முறைப்படி கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே நின்றேன். பக்கத்தில் ஒமுர்பெக் நின்று அழுதார். என்னால் அழ முடியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "என்னால வந்தது தம்பி, நான் கம்பத் தூக்கியிருக்கக் கூடாது" என்றார். அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் அவரைக் கூட்டிப்போன பிறகு அவர் மனைவி புருல் என் வீட்டுக்கு வந்தார். நான் தனியாக இருக்கிறேன் என்று என் அழுக்குத் துணிகளை எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவந்திருந்தார். மடித்து வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு உன்கிட்டச் சொன்னாரா இல்லயா? சொல்லலன்னா சொல்லலன்னே சொல்லு, உன்மேல எனக்கு வருத்தமில்ல. முப்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். எனக்குத் தெரியணும், நான் யாரோட வாழ்ந்தேன்னு."

"ரேடியோ சரியாக் கேக்கல எஜெ" என்றேன்.

"அப்ப சொல்லியிருக்கலாம், இல்ல?"

"இருக்கலாம்."

அவர் அதையே ஒரு நல்ல செய்தி போல எடுத்துக்கொண்டு போனார். சட்டைகளில் சோப்பு வாசனை இருந்தது. அதில் ஒன்றைத்தான் இப்போது போட்டிருக்கிறேன்.

ஒமுர்பெக்கை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன எல்லாம் உண்மை. இசாக் கேட்டதும் உண்மை. கல்மூரத் என் கையைப் பார்த்துத்தான் சுட்டார், அவருக்கு எதுவும் தெரியாது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த ரேடியோவில் அவள் பேசினாளா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். மலையில் சில இடங்களில் ரேடியோ எடுக்காது என்றும் சொன்னேன். கழுதைக்காதுக்கு அடியில் நின்று ஏன் சங்கிலி மாட்டினாள், நர்ஸ் படித்தவளுக்கு அந்த இடம் ஆபத்து என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியாமல் நின்றிருப்பாள் என்றேன்.

பேசினாள். முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே பேசினாள். முகட்டுக்கு அப்பால் இருந்த இசாக்குக்கு அது எட்டாது, மேட்டில் மற்றவர்கள் காதுமூடி போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கேட்டது. தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் என் கை கீழேதான் இருந்தது. கீழேயே வைத்திருந்தால் போதும், எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தூக்கினேன். மேகம் வந்துகொண்டிருந்தது, கை பழக்கத்தில் எழுந்துவிட்டது, சுத்தம் என்று சொன்ன பிறகு எப்படி மாற்றிச் சொல்வது என்றெல்லாம் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நிறுத்தியிருந்தால் அவள் அந்த இன்னொரு சங்கிலியையும் மாட்டிவிட்டுக் கணவாயைத் தாண்டிப் போயிருப்பாள். திரும்பி வந்திருக்க மாட்டாள். அதனால்தான்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"குபாத், சத்தம் கேட்டுச்சு. நான் கழுதைக்காதுக்குக் கீழதான் நிக்கறேன், சக்கரம் வழுக்குது. ஒரு சங்கிலி மாட்டிட்டேன், இன்னொண்ணுதான். கை வெறச்சுப் போச்சு, கொஞ்சம் நேரமாகும். நாளைக்கு வந்துருவேன், கோவிச்சுக்காதீங்க. நான் சொன்னதும் சுடுங்க."